ஊரான் பிள்ளையும் உங்கள் பிள்ளையும்

கேள்வி: எனக்கு வயது 43. பொரித்த கோழி விற்கும் பெரிய நிறுவனம் ஒன்றின் கோவைக் கிளையில் ஒன்பது ஆண்டுகளாக மேலாளராக இருக்கிறேன். என் மகனுக்கு 13 வயது. உயரம் 158 செ.மீ., எடை 79 கிலோ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. இரவில் குறட்டை விடுகிறான். கழுத்தின் பின்பக்கம் கறுத்துக் கிடக்கிறது. கடலை மாவு போட்டுத் தேய்த்தும் போகவில்லை. பிஸ்கட், குளிர்பானம், எங்கள் கடைக் கோழி என்றால் அவனுக்கு உயிர். ஊழியர் சலுகை இருப்பதால் வாரத்தில் மூன்று நான்கு இரவு கடை மூடும்போது ஒரு டப்பா வாங்கி வருவேன். உடற்பயிற்சிக் கூடம் நடத்தும் என் மைத்துனர், "பையனுக்கு வாய்க் கட்டுப்பாடு இல்லை. அமெரிக்காவில் இதற்காகக் கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள், நீதிபதி தூக்கி எறிந்துவிட்டார்" என்கிறார். என் மனைவி ஒருநாள், "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நம் பிள்ளையும் நன்றாகத்தான் வளர்ந்திருக்கிறான்" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை. நாங்கள் யார் வாயிலும் திணிப்பதில்லையே! வருகிறவர்கள் கேட்டுத்தானே வாங்குகிறார்கள்? குற்றம் என்னுடையதா, மகனுடையதா, கம்பெனியுடையதா? இந்த வேலையை விட்டுவிட வேண்டுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் அந்தக் கழுத்தைத் தேய்ப்பதை நிறுத்துங்கள். அது அழுக்கில்லை. உடம்பில் இன்சுலின் அளவுக்கு மீறிச் சுரக்கும்போது கழுத்து மடிப்பிலும் அக்குளிலும் தோல் தடித்துக் கறுக்கும். அகாந்தோசிஸ் நைக்ரிகன்ஸ் என்பார்கள். நீரிழிவுக்கு இருபது ஆண்டுகளுக்கும் மேலாகச் சிகிச்சை அளித்துவருகிற நான், பிள்ளைகள் அறைக்குள் வந்தவுடன் எடைக் கருவிக்கு முன்னால் கழுத்தைத்தான் பார்க்கிறேன். இன்சுலின் சொல்வதைத் தசையும் கல்லீரலும் சரியாகக் கேட்கவில்லை, கணையம் இன்னும் உரக்கக் கத்திக்கொண்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. கத்தும் வரைக்கும் சர்க்கரை பெரும்பாலும் கட்டுக்குள் இருக்கும். தொண்டை கட்டிப்போனால்தான் நீரிழிவு. உங்கள் மகனுக்கு இன்னும் அவகாசம் இருக்கலாம். இருக்கிறதா என்று பார்க்க வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்பிஏ1சி (கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது), கொழுப்பு, கல்லீரல் என்சைம்கள் ஆகிய பரிசோதனைகளை இந்த மாதமே செய்துவிடுங்கள். ரத்த அழுத்தமும் பார்க்க வேண்டும். அவன் கையின் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டை போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இரவில் குறட்டைக்கு நடுவே மூச்சு சில விநாடிகள் நின்று, பிறகு திணறித் தொடங்குகிறதா என்று உங்கள் மனைவி ஒரு இரவு கவனிக்கட்டும். அப்படி இருந்தால் மருத்துவரிடம் அதை முதலில் சொல்லுங்கள்.

இனி உங்கள் கேள்வி. குற்றம் யாருடையது என்று கேட்டு மூன்று பேரை வரிசையில் நிறுத்தியிருக்கிறீர்கள். அந்த மூவரில் 13 வயதுக்காரனை முதலில் வெளியே அனுப்பிவிடுவோம். வீட்டுக்கு எது வாங்குவது என்று முடிவு செய்பவன் அவன் அல்ல. அவன் கையில் பணம் இல்லை. பன்னிரண்டு மணி நேரம் பள்ளியும் டியூஷனுமாக ஓடுகிறவன். உங்கள் மைத்துனர் சொல்லும் வாய்க் கட்டுப்பாடு பெரியவர்களிடமே அபூர்வம்.

மைத்துனர் சொன்ன வழக்கையும் முழுதாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலரும் அதில் பாதியைத்தான் சொல்கிறார்கள். 2002-இல் நியூயார்க்கில் இரண்டு பதின்வயதுப் பெண்கள் சார்பில் மெக்டொனால்ட்ஸ் மீது வழக்குத் தொடுக்கப்பட்டது. அந்த உணவால்தான் பருமனும் நோயும் வந்தன என்றார்கள். 2003 ஜனவரியில் நீதிபதி ராபர்ட் ஸ்வீட் அதைத் தள்ளுபடி செய்தார். அளவுக்கு மீறித் தின்றால் உடம்பு கெடும் என்று தெரிந்தே தின்பவரை அவருடைய மிகையிலிருந்து காப்பாற்றுவது சட்டத்தின் வேலை அல்ல என்பது அவர் சொன்னதன் சாரம். இதுவரை மைத்துனர் சரி. ஆனால் அதே தீர்ப்பில் அதே நீதிபதி, அந்தக் கடையின் கோழித் துண்டுகளை வெறுமனே சட்டியில் பொரித்த கோழி என்று சொல்ல முடியாது, வீட்டுச் சமையலில் யாரும் பயன்படுத்தாத பல பொருட்களைச் சேர்த்து உருவாக்கிய ஃபிராங்கன்ஸ்டைன் படைப்பு என்று கேலியும் செய்தார். வாடிக்கையாளருக்குத் தெரியும் என்று சொல்வதானால், உள்ளே என்ன இருக்கிறது என்பது உண்மையிலேயே தெரிந்திருக்க வேண்டும் அல்லவா? 2005-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், விளம்பரங்கள் ஏமாற்றினவா என்ற பகுதிக்கு மட்டும் உயிர் கொடுத்தது. 2010-இல் எல்லோர் சார்பிலும் சேர்த்து விசாரிக்க முடியாது என்று கீழ் நீதிமன்றம் சொன்னதோடு வழக்கு ஓய்ந்தது. இதற்கிடையே, இப்படி வழக்கே போடக் கூடாது என்று அமெரிக்கக் கீழவை 2004-இலும் 2005-இலும் மசோதா நிறைவேற்றியது. அதன் பெயரிலேயே 'தனிநபர் பொறுப்பு' இருந்தது. மேலவையில் அது தேறவில்லை. ஆனால் இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் தங்கள் அளவில் அதேபோன்ற சட்டங்களைக் கொண்டுவந்துவிட்டன. தின்பவரின் பொறுப்பைப் பற்றி விற்பவருக்கு எவ்வளவு அக்கறை பாருங்கள்.

"யார் வாயிலும் திணிப்பதில்லை" என்கிறீர்கள். உண்மைதான். ஆனால் உங்கள் கவுன்டரில் என்ன நடக்கிறது என்பது என்னைவிட உங்களுக்குத்தான் தெரியும். ஒரு பையன் வந்து இரண்டு துண்டு கோழி கேட்கிறான். "காம்போவாக மாற்றிக்கொள்கிறீர்களா? இன்னும் அறுபது ரூபாய்தான்" என்று உங்கள் ஊழியர் கேட்கிறார். அந்த வாக்கியத்தை எழுதியது பையனா? கோழியில் கிடைக்கும் லாபத்தைவிட உருளைக்கிழங்கிலும் சர்க்கரைத் தண்ணீரிலும் கிடைக்கும் லாபம் பெரிது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் மாத இலக்குத் தாளில் அந்தக் கூடுதல் அறுபது ரூபாய்க்குத் தனிக் கட்டமே இருக்கும் என்று நினைக்கிறேன். பையன் 'சரி' என்கிறான். அந்தச் 'சரி'யைத்தான் நாம் விருப்பம் என்று அழைக்கிறோம். பத்தோ அதற்கு மேலோ கிளைகள் உள்ள உணவகங்கள் பட்டியலில் கலோரியைக் காட்ட வேண்டும் என்ற விதி 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பலகையிலும் இருக்கும். விலைக்குப் பக்கத்தில் அது என்ன அளவு எழுத்தில் இருக்கிறது என்று நாளைக்கு ஒருமுறை கவுன்டருக்கு வெளியே நின்று பாருங்கள்.

வாய்க் கட்டுப்பாடு பற்றி ஒரு ஆய்வைச் சொல்கிறேன். 2019-இல் வெளியானது, அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழு செய்தது. இருபது பேரை நான்கு வாரம் அங்கேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரம் ஆலையில் மிகையாகப் பதப்படுத்திய உணவு, இரண்டு வாரம் சாதாரணமாகச் சமைத்த உணவு. தட்டில் வைக்கப்பட்டதைக் கணக்கிட்டால் இரண்டிலும் கலோரி, சர்க்கரை, கொழுப்பு, உப்பு, நார்ச்சத்து எல்லாம் ஏறக்குறைய ஒன்றே. வேண்டிய அளவு சாப்பிடலாம், வேண்டாததை வைத்துவிடலாம். பதப்படுத்திய உணவு வாரங்களில் அதே மனிதர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். நம் கணக்கில் ஏறக்குறைய எட்டு இட்லி. எடை சராசரியாக 0.9 கிலோ ஏறியது. மற்ற இரண்டு வாரத்தில் அதே அளவு இறங்கியது. அந்த இருபது பேரும் முதல் தட்டின் முன்னால் ஒழுக்கம் கெட்டவர்களாகவும் அடுத்த தட்டின் முன்னால் சன்னியாசிகளாகவும் மாறினார்களா? தட்டுதான் மாறியது. அந்த உணவை அவர்கள் வேகமாகச் சாப்பிட்டதும் பதிவானது. பன்னை மெல்ல என்ன வேலை இருக்கிறது? வயிறு போதும் என்று சொல்வதற்குள் கை அடுத்ததுக்குப் போய்விடுகிறது.

இதற்காக உங்கள் கம்பெனி மேல் மொத்தப் பழியையும் போடவும் எனக்கு மனம் வரவில்லை. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 2015–16-இல் 30.9 சதவீதம் பேர் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள். 2019–21-இல் அது 40.4 சதவீதம். ஆண்களில் 28.2 என்பது 37 ஆனது. நான்கைந்து ஆண்டில் மாநிலம் முழுக்க மன உறுதி இழந்துவிட்டது என்று உங்கள் மைத்துனர்கூடச் சொல்லமாட்டார். அதே சமயம், அந்தப் பெண்களில் எத்தனையோ பேர் உங்களுடையதைப் போன்ற கடைக்குள் காலே வைத்திருக்கமாட்டார்கள். அவர்கள் வீட்டில் பாக்கெட் எண்ணெய் இருக்கிறது, டீக்கு பிஸ்கட் இருக்கிறது, குவித்து வைத்த சோறு இருக்கிறது, நடக்க இடம் இல்லை. உங்கள் ஊர் பேக்கரியின் தேங்காய் பன்னும், சாயங்காலம் தள்ளுவண்டியில் காளான் என்ற பெயரில் மைதாவோடு கொதிக்கிற முட்டைக்கோசும், நான் இருக்கும் மதுரையின் பரோட்டாவும் எந்தப் பன்னாட்டுக் கம்பெனியும் கண்டுபிடித்தவை அல்ல. கேரளம் 2016-இல் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதக் கொழுப்பு வரி போட்டது. பெரிய பெயர் கொண்ட உணவகங்களுக்கு மட்டும்! வாளையாறு தாண்டினால் பர்கருக்கு வரி உண்டு, பரோட்டாவுக்குக் கிடையாது. மறு ஆண்டு ஜி.எஸ்.டி. வந்து அதையும் விழுங்கியது.

என் கதையையும் சொல்ல வேண்டும். நான் முன்பு வேலை பார்த்த ஒரு மருத்துவமனையில், பருமன் சிகிச்சைப் பிரிவுக்கு நேர் எதிரே கேன்டீன். கண்ணாடிப் பெட்டிக்குள் மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில் பப்ஸ், கீழ்த்தட்டில் குளிர்பானம். நோயாளியிடம் அரை மணி நேரம் எண்ணெய் பற்றிப் பேசி அனுப்புவேன். அவர் கதவைத் திறந்ததும் பப்ஸ் வாசனை உள்ளே வரும். மாலை நான்கு மணிக்கு நானும் அங்கேதான் நிற்பேன். எனக்குத் தெரியாதா அதில் என்ன இருக்கிறது என்று? கண்ணாடிப் பெட்டியை இடம் மாற்றுங்கள் என்று நிர்வாகத்துக்கு மூன்று முறை எழுதினேன். கேன்டீன் வாடகை பெரிது என்று பதில் வந்தது. நான் அந்த வேலையை விட்டபோது என் எடை, சேர்ந்தபோது இருந்ததைவிட ஆறு கிலோ கூடுதல்.

ஆகவே என் கணக்கு இது. எந்த இடத்தில் யார் கை ஓங்கியிருக்கிறதோ, அந்த இடத்தில் அவருக்குப் பொறுப்பும் கூடுதல். ஒரு கோலாவில் எவ்வளவு சர்க்கரை போடுவது என்பதில் குடிப்பவரின் கைக்கு எந்த வேலையும் இல்லை. பிரிட்டனில் 100 மில்லிக்கு 5 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் உற்பத்தியாளருக்கு வரி என்று 2016-இல் அறிவித்தார்கள். 2018 ஏப்ரலில் வரி நடைமுறைக்கு வருவதற்குள் பல நிறுவனங்கள் சர்க்கரையைக் குறைத்துவிட்டன. மக்களின் விருப்பம், மாற்ற முடியாத சுவை என்று அதுவரை சொல்லிவந்தது என்ன ஆயிற்று? நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. வனஸ்பதியிலும் பேக்கரிக் கொழுப்பிலும் இருந்த, இதயத்தைக் கெடுக்கும் டிரான்ஸ் கொழுப்பை 2022 முதல் 2 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் கட்டுப்படுத்தியது. பப்ஸ் வாங்கும் ஒவ்வொருவரும் டிரான்ஸ் கொழுப்பு பற்றிப் படித்து, மனத்தைக் கட்டுப்படுத்தி, மறுக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆலைக்குச் சொன்னார்கள், அவ்வளவுதான்.

ஆனால் அரசுக்கும் ஒரே மனம் இல்லை. பள்ளி வாசலிலிருந்து 50 மீட்டருக்குள் கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த தின்பண்டம் விற்கக் கூடாது என்று 2020-இல் ஒரு விதி வந்தது. பிள்ளையின் கையில் இருக்கும் செல்போன் திரையிலிருந்து எத்தனை மீட்டர் அளப்பது? 2025 செப்டம்பரில் ஜி.எஸ்.டி.யை மாற்றியபோது குளிர்பானத்தை 40 சதவீதத்தில் வைத்துவிட்டு, பிஸ்கட், சாக்லேட், உடனடி நூடுல்ஸ் ஆகியவற்றை 5 சதவீதத்துக்கு இறக்கினார்கள். பாக்கெட்டின் முன்பக்கத்தில் எச்சரிக்கை போடுவது பற்றியோ, சிலி நாடு 2016-இலேயே கறுப்பு எண்கோண முத்திரை குத்தத் தொடங்கிவிட்டது. இங்கே 2022-இல் நட்சத்திர மதிப்பீடு என்று ஒரு வரைவு வந்தது. எச்சரிக்கை கேட்டால் நட்சத்திரம்! அதைப் பற்றி முடிவெடுக்கவே 2025-இல் உச்ச நீதிமன்றம் கெடு வைக்க வேண்டியிருந்தது.

இதெல்லாம் உங்கள் வீட்டுக்கு வெளியே. உள்ளே வந்தால், உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி அந்த இரவு டப்பாதான். கடை மூடி, கணக்கு முடித்து, நீங்கள் வீடு வந்து சேரப் பதினொன்று ஆகியிருக்கும். பையன் தூங்காமல் காத்திருப்பான். வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைத் திறப்பவன் அவனாகத்தான் இருக்கும். நாள் முழுக்கப் பார்க்க முடியாத அப்பாவோடு அவன் உட்காரும் அரை மணி நேரம் அது. நடுவில் அந்த டப்பா. கோழியை நிறுத்துங்கள் என்று நான் சொன்னால் அந்த அரை மணி நேரத்தையும் சேர்த்து நிறுத்தச் சொன்னதாகிவிடும். அப்படிச் செய்ய வேண்டாம். டப்பாவை மட்டும் நிறுத்துங்கள். இரவுப் பணி இல்லாத நாட்களில் ஏழரைக்கு அவனோடு சேர்ந்து சாப்பிடுங்கள். இரவுப் பணி உள்ள நாட்களில் அவன் தூங்கட்டும். காலையில் பள்ளி பஸ் வரும் இடம் வரை இருவரும் நடந்து போங்கள். பதினொரு மணிச் சாப்பாடு போனால் தூக்கம் கூடும். தூக்கம் குறைந்த பிள்ளைகளுக்குப் பசி கூடுகிறது என்பதும் ஒரு கணக்கு.

அடுத்தது குளிர்பானம். 300 மில்லி கோலாவில் 30 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நாளொன்றுக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வீட்டில் பாட்டில் இருக்கக் கூடாது, யாருக்காகவும். விருந்தாளிக்காக வைத்திருக்கிறோம் என்பது எல்லா வீட்டிலும் சொல்லப்படும் பொய். பிஸ்கட் டப்பா இருக்கும் இடத்தில் வேர்க்கடலை, சுண்டல், கொய்யா. சோற்றை ஒரு கரண்டி குறைத்துப் பொரியலையும் பருப்பையும் கூட்டுங்கள். பன்னிரண்டு விஷயங்களை ஒரே நாளில் மாற்ற வேண்டாம். டப்பாவும் குளிர்பானமும் போனாலே சில மாதங்களில் வேறுபாடு தெரியத் தொடங்கலாம். அவன் வளரும் பையன். எடை அப்படியே நின்று உயரம் ஏறினாலே பாதி வேலை முடிந்த மாதிரிதான். தினமும் எடைக் கருவியில் ஏற்றாதீர்கள். மைத்துனர் தன் கூடத்துக்கு அழைத்துப்போக விரும்பினால், அங்கே அவனைக் குண்டன் என்று ஒருமுறைகூட யாரும் சொல்லக் கூடாது என்று நிபந்தனை போடுங்கள். கால்பந்தோ கபடியோ சைக்கிளோ, அவனே விரும்பிப் போவது எதுவானாலும் அதைவிட மேல். எடைக்கு ஊசி வந்துவிட்டதே என்று யாராவது சொல்வார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை அந்தப் பேச்சை வீட்டுக்குள் விடாதீர்கள்.

வேலையை விட வேண்டுமா? வீட்டுக் கடனும் பள்ளிக் கட்டணமும் உள்ளவருக்கு அந்த அறிவுரையைச் சொல்லும் யோக்கியதை எனக்கில்லை. பப்ஸ் கடைக்கு எதிரே பல ஆண்டு சம்பளம் வாங்கியவன் நான். நீங்கள் போனால் அந்த நாற்காலியில் இன்னொருவர் உட்காருவார், அதே இலக்குத் தாளோடு. அந்த வாக்கியத்தை எழுதியவருக்கும் சொல்பவருக்கும் ஒரே அளவு பொறுப்பு இல்லை. ஆனால் சொல்பவருக்கு ஒன்றுமே இல்லை என்றும் உங்களை ஆறுதல்படுத்தமாட்டேன். பள்ளிச் சீருடையில் வருகிற பிள்ளையிடம் காம்போ கேட்காமல் விடுவது உங்கள் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. கேட்டால் தருவது வேறு, கேட்காதவனைக் கேட்கவைப்பது வேறு. குளிர்பானத்துக்குப் பதில் தண்ணீர் பாட்டிலை அதே விலையில் காம்போவில் தரலாமா என்று மண்டல அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். எனக்கு வந்ததைப் போல ஒரு பதில் வரலாம். மூன்று முறையாவது எழுதுங்கள்.

உங்கள் மனைவி சொன்னதைக் குத்தல் என்று எடுத்துக்கொண்டு தூக்கம் இழந்திருக்கிறீர்கள். எனக்கு அது ஒன்பது ஆண்டாகத் தனியாக இரவுச் சாப்பாடு பரிமாறியவரின் களைப்பாகவும் கேட்கிறது. அவரிடமே பேசுங்கள், என்னிடம் கேட்ட அதே கேள்விகளை.

பரிசோதனைக்கு உங்கள் விடுமுறை நாளில் நீங்களே அவனை அழைத்துப் போங்கள். முதல் நாள் இரவு எட்டரைக்குள் சாப்பாடு முடிந்துவிட வேண்டும். காலையில் தண்ணீர் மட்டும் குடிக்கலாம். ரத்தம் எடுத்து முடித்ததும் பசிக்கிறது என்பான். நான்கு இட்லியை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை கேன்டீனை நம்பிப் போகாதீர்கள்.